லைன் மட்டும் போதும்

போன மாதம் என் வீட்டு இணைய இணைப்பை மாற்றிக் கொடுக்க ஒரு டெக்னீஷியன் வந்தார். இளைஞர், கையில் வேகம் இருந்தது. சுவரில் மோடத்தை மாட்டி, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். அது டிவிக்கு. அடுத்தது ஒரு சின்னக் கேமரா. கடைசியில் என் கைப்பேசியைக் கேட்டார். கம்பெனியின் செயலி ஒன்றைப் போட வேண்டுமாம். அது என் போட்டோக்களைக் காவல் காக்குமாம், என் மனைவியின் கைப்பேசியையும் சேர்த்துக்கொள்ளுமாம்.

"லைன் மட்டும் போதும் தம்பி. மத்ததெல்லாம் வேணாம்" என்றேன்.

"பேக்கேஜ் அங்கிள். தனியா குடுக்க முடியாது."

"சரி, போன்ல போடுற இது?"

"அது கட்டாயம் அங்கிள். போட்டாத்தான் ஜாப் குளோஸ் ஆகும்."

அடுப்படியில் என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது. நான் யார் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. அதே கம்பெனியில், இதே கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை வீடு வீடாகப் போய் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிச் சம்பளம் வாங்கி, போன வருடம்தான் வேலையை விட்டு இறங்கினேன். அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. மோடத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன்.

பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். ஆளாளுக்குச் சிரித்துவிட்டு, "எழுதுங்க மணியம், நம்ம காலத்துச் சிடி கதைய" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கம்பத்தில் ஏறினேன். செம்புக் கம்பியை ஒட்டக் கற்றுக்கொண்டேன், மழையில் ஏணியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், எந்த வளைவில் எந்த மரம் லைன் மேல் விழும் என்று கற்றுக்கொண்டேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வேலை சுலபம். போனை எடுத்தால் 'ஊ' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் நான் வீட்டுக்குப் போகலாம்.

பிறகு பிராட்பேண்ட் வந்தது, கூடவே கம்ப்யூட்டரில் போடக் கம்பெனியின் சிடி வந்தது.

லைன் வேலை செய்வதற்கும் அந்தச் சிடிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தால், வீட்டுக்காரர் கொடுத்த டீ ஆறுவதற்குள் இணையம் வந்துவிடும். ஆனால் சிடியைப் போட வேண்டும். போட்டதும் திரை முழுக்கக் கம்பெனியின் படம் வரும். நாம் பழகிய பிரவுசர் ஒளிந்துகொண்டு கம்பெனியின் பிரவுசர் வந்து உட்காரும். மேலே ஒரு வரிசைப் பொத்தான்கள்: ராசிபலன், ரிங்டோன், கோலாலம்பூர் வானிலை. ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கும் கேமரன் மலைக்காரருக்குக் கோலாலம்பூர் வெயில் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. அதோடு ஒரு வைரஸ் தடுப்பு, ஒரு மின்னஞ்சல் பெட்டி. கம்ப்யூட்டரைத் திறக்கும் போதெல்லாம் பாட்டோடு வணக்கம் சொல்லும் ஒரு ஜன்னல் வேறு. தோட்டத்து வீடுகளில் இருந்ததெல்லாம் பட்டணத்தில் யாரோ உபயோகித்துவிட்டு விற்ற பழைய கம்ப்யூட்டர்கள். இத்தனையையும் ஏற்றினால் அவை மலை ஏறும் காய்கறி லோரி மாதிரி முனகும்.

திரிங்காப்பில் செவ்வந்திப் பூ வியாபாரம் செய்த முனுசாமி அண்ணன் வீட்டில் நடந்ததை எங்கள் ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய மருமகன் பில் போடுவதற்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தான். நாங்கள் போட்ட வைரஸ் தடுப்பு அதைத் திருடன் என்று முடிவு செய்து அழித்துவிட்டது. வாசலில் பூ ஏற்றிய லோரி நிற்கிறது, உள்ளே பில் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்.

"ஏம்பா, நான் தண்ணிக்குக் குழாய் கேட்டேன். நீங்க வாளி, துண்டு, சோப்பு எல்லாம் குடுத்து, இந்தச் சோப்பப் போட்டுத்தான் குளிக்கணும்னு நிக்கிறீங்க. இதெல்லாம் கட்டாயமா?"

"கட்டாயம்ணே" என்றேன், மோடத்தைப் பார்த்துக்கொண்டு.

அவர் வாயை மூடிக்கொண்டார். இதுதான் எங்கள் ஆட்களிடம் உள்ள குணம். வேண்டாம் என்பார்கள், பிடிக்கவில்லை என்பார்கள், கெட்ட வார்த்தைகூடப் பேசுவார்கள். கட்டாயம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி. தோட்டத்துத் துரை சொன்னார், கணக்கெழுதும் கிராணி சொன்னார் என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த காது. கம்பெனிக்கு இது தெரிந்திருக்குமோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

எங்கள் மேலாளர் என்சிக் ஹம்சா; என்சிக் என்றால் மலாயில் 'திரு' மாதிரி. மலாய்க்காரர். ரிங்லெட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் ஓரளவு பேசுவார். ஒல்லி, குள்ளம், சட்டைக் கையை மடிக்காத மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே கேள்வி கேட்பார்: "நேத்து எந்த வீட்டுல கூட நேரம் ஆச்சு? ஏன் ஆச்சு?" பதில் சொன்னதும் தலையை ஆட்டுவார். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வேன் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவோம்.

அவரிடம் சில விதிகள் உண்டு. வீட்டுக்குள் போகும்போது பூட்ஸைக் கழற்றிவிட்டுத் துவைத்த காலுறை போட வேண்டும். அதை நாமே கொண்டுபோக வேண்டும். வாடிக்கையாளரின் பெட்டிக்குள், அதாவது அவருடைய மின்னஞ்சலுக்குள், எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்காரர் தன் கையாலேயே எதையாவது திறந்து பார்க்கும்வரை வெளியே வரக் கூடாது. "நீ தொட்டா உனக்கு வேல செய்யும். அவங்க தொட்டு வேல செய்யணும், அதுதான் லைன்" என்பார்.

சிடியைப் பற்றி ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "தேவையில்லன்னு உங்களுக்கே தெரியும் என்சிக். ஏன் போடுறோம்?"

"சிடி போட்டு மெயில் பெட்டி ஆக்டிவேட் ஆனாத்தான் ஹெட் ஆபீஸ்ல ஜாப் மூடும். மூடலேன்னா உன் பேர் செவப்பா இருக்கும். போடு லா" என்றார். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அந்தச் சிடியை முழுசாகப் போட்டு வைத்திருந்தார். காலையில் அது பாட்டுப் பாடி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் போடுவதைத் தானும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு.

தோட்டங்களுக்கு மட்டும் கம்பெனி இன்னொரு ஏற்பாடு வைத்திருந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், ஆட்கள் வருவார்கள் போவார்கள். அதனால் மின்னஞ்சல் பெட்டிக்கு ஆளின் பெயர் கிடையாது. லயத்தின், அதாவது வரிசை வீடுகளின், எண்ணும் வீட்டின் எண்ணும்தான் பெயர். பட்டணத்தில் இப்படிச் செய்தால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது இயல்பாகவே இருந்தது. சமையல் கேஸ் தோம்பு வருவதும் வீட்டு நம்பருக்குத்தான், கோயில் திருவிழாவுக்கு வரி வாங்குவதும் வீட்டு நம்பருக்குத்தான். ஆட்களைக் கூப்பிடுவதே "நாலாம் வீட்டக்கா", "ஒம்போதாம் வீட்டு மாமா" என்றுதான்.

எட்டாம் லயத்து நாலாம் வீட்டக்கா என்றால் சரோஜா அக்கா. கொழுந்து வெட்டுகிறவர். கத்திரியைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கும். மகன் தினகரன் படிக்கும்போது அவனுக்காகப் போட்ட லைன் அது, நான்தான் போட்டேன். பிறகு அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அப்பா இறந்தபோது நடுக்கடலில் இருந்ததால் வர முடியவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு வந்தவனை லயமே கேட்கும்படி திட்டி, "இனிமே இந்த வாசல மிதிக்காத" என்று அனுப்பிவிட்டார் அக்கா. அக்கா வீட்டு லைனில் இணையம் மட்டும்தான், போன் கிடையாது; பக்கத்து வீட்டு போனுக்கு அவன் கூப்பிட்டபோதும் போய்ப் பேசவில்லை. அந்த லயத்தில் அப்போது கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை.

அதன் பிறகு அவன் எழுத ஆரம்பித்தான். துறைமுகம் வரும்போதெல்லாம் அந்த வீட்டுப் பெட்டிக்கு நாலு வரி, தமிழில். இந்த ஊரில் இருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது. அக்கா தமிழ்ப் பள்ளியில் படித்தவர், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். பதில் எழுதமாட்டார். ஆனால் பதில் பொத்தானை அழுத்தி, ஒன்றும் அடிக்காமல், வெறுமையாக அனுப்பிவிடுவார். படித்தாயிற்று என்று அர்த்தம். அவனும் அதைப் புரிந்துகொண்டு அடுத்ததை எழுதுவான்.

ஒரு தடவை லைன் பழுது பார்க்கப் போனபோது கம்ப்யூட்டர் முனகுவதைப் பார்த்து, "அக்கா, இந்தக் கம்பெனி சாமான எல்லாம் தூக்கிடவா? வேகமா ஓடும்" என்றேன். வேலையை மூடிய பிறகு கேட்கிறவர்களுக்கு அப்படி நைசாக எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

"கைய வைக்காத!" என்று கத்தினார். பாட்டோடு வரும் அந்த வணக்க ஜன்னல்தான் அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர். அதில் ஓர் உறை படம் இருக்கும். மகன் எழுதியிருந்தால் உறை சிவப்பாகும். அந்தச் சிடியை விரும்பிய ஒரே வாடிக்கையாளரை என் சர்வீஸில் அங்கேதான் பார்த்தேன்.

பிறகு அக்காவுக்கு ஓய்வு வயது வந்தது. ஓய்வு என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த லயத்தை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கத் தோட்டம் முடிவு செய்திருந்தது. பழைய குடும்பங்கள் திசைக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கம்போங் ராஜாவில், கூட வேலை செய்த பாக்கியம் என்பவரோடு ஒரு அறை எடுத்துத் தங்கப் போவதாக அக்கா சொன்னார். லைனை மூடும் வேலை என் பெயருக்கு வந்தது.

முதல் நாளே போய் விவரம் சொன்னேன். லைன் மூடினால் பெட்டியும் மூடும். மகன் எழுதினால் அப்படி ஒரு முகவரி இல்லை என்று அவனுக்கே திரும்பிப் போகும்.

அக்கா மேசை மேலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, "திரும்பிப் போனா அவன் என்ன நெனப்பான்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "ஆத்தாக்காரி இதையும் சாத்திட்டான்னு நெனப்பான்."

"லைன கம்போங் ராஜாவுக்கு மாத்திக்கலாம்க்கா. ஆனா பெட்டிக்குப் புது வீட்டுப் பேர்தான் வரும்."

"லைன் எனக்கு எதுக்கு? அந்தப் பெட்டி மட்டும் குடுப்பா."

"பேக்கேஜ்க்கா. தனியா குடுக்க முடியாது" என்றேன். அன்று அந்த வாக்கியத்தின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

"அப்ப அவனுக்கு ரெண்டு வரி எழுதிடுங்கக்கா. புது எடத்து நம்பரு போதும்."

"நாந்தான் வாசல மிதிக்காதன்னு சொன்னேன். இப்ப நானே எழுதுனா, வாடான்னு கூப்புட்ட மாதிரி ஆவாதா? அவன் கேக்கட்டும், நான் சொல்றேன்."

"அவன் எப்படிக்கா கேப்பான்? பெட்டியே இருக்காதே."

"நான் எழுத மாட்டேன் தம்பி" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்ததைப் பார்த்தேன். மகனை இழந்துவிடப் போகிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வீம்பு மட்டும் இறங்கி வர மறுத்தது.

மறுநாள் காலை ஹம்சா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "எட்டாம் லயம், நாலாம் வீடு" என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்கள் எதிரிலேயே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். பெட்டியை மட்டும் வைத்திருக்க வழி உண்டா என்று மலாயில் கேட்டார். பொறுமையாகக் கேட்டார், இன்னொரு தடவையும் கேட்டார். போனை வைத்துவிட்டு, "தனியா இல்லயாம்" என்றார்.

"நானே அவனுக்கு எழுதிடவா என்சிக்? அட்ரஸ் அந்தப் பெட்டியிலயே இருக்கு."

"பெட்டியில கை வைக்கக் கூடாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்திலும் விதியா என்று மனதுக்குள் திட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேன் சாவியை எடுத்தார். "நானும் வர்றேன்."

மேலாளர் லைன் மூட வருவது வழக்கமே இல்லை. லயத்துக்குப் போனபோது சாமான்கள் எல்லாம் மூட்டையாகிவிட்டன. கம்ப்யூட்டர் மட்டும் மேசையில் இருந்தது. ஹம்சா வாசலில் பூட்ஸைக் கழற்றி, காலுறையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா, கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கோப்பை எடுத்து டீ போட்டுக் கொடுத்தார். ஹம்சா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து முழுவதையும் குடித்தார். லைனைச் சோதித்தார், மூடப் போகிற லைனை. பிறகு எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, லைன் மூடுறதுக்கு முன்னால ஒரு பெராத்துரான் இருக்கு. ரூல் லா. பெட்டிக்குக் கடைசியா யார் எழுதுனாங்களோ, அவங்களுக்குப் புது வீட்டு போன் நம்பர் போகணும். போகாம மூட முடியாது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ லைன் மூடியிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டாயமா?" என்றார் அக்கா.

"கட்டாயம்."

"நம்பரு மட்டும் போட்டாப் போதுமா? வேற ஒண்ணும் எழுத வேணாமே?"

"நம்பர் மட்டும் போதும்."

அக்கா என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கம்பெனி கேக்குது, அனுப்புறேன். நான் யாரையும் கூப்புடல" என்றார். பிறகு உட்கார்ந்து, மகன் கடைசியாக எழுதியதைத் திறந்தார். காய்த்த விரலால் ஒவ்வோர் எண்ணாக அழுத்தி, ஒவ்வொரு தடவையும் திரையில் அது விழுந்ததா என்று பார்த்தார். பாக்கியத்தோடு எடுத்த புது அறையின் போன் எண். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த ஜன்னல் வழக்கம்போல் ரிங்டோன் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு தானே ஒயரைப் பிடுங்கி மோடத்தை என் கையில் கொடுத்தார்.

தோட்டத்துத் தொழிற்சாலை வளைவில் வேன் திரும்பியது. "என்சிக், அப்படி ஒரு ரூல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப இருக்கு" என்றார் ஹம்சா. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. அந்த மனிதரை அன்றுதான் எனக்குப் பிடித்தது என்று வெளிப்படையாகவே சொல்லலாம்.

பல மாதம் கழித்து, ஹம்சா குவாந்தானுக்கு மாற்றலாகிப் போன பிறகு, கம்போங் ராஜாவில் புது லைன் கேட்டு ஒரு வேலை வந்தது. போனால் வாசலில் சரோஜா அக்கா. உள்ளே உயரமாக, தாடி வைத்த ஓர் ஆள் மேசையை நகர்த்திக்கொண்டிருந்தான். அவனை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. "சொவத்தோரமா போடுடா, வழியிலயா போடுவாங்க?" என்று அக்கா அதட்டிய தோரணையில்தான் தெரிந்தது.

லைன் போட்டேன். சிடி காலம் போய் வேறு சாமான்கள் வந்திருந்தன, அவற்றையும் போட்டேன். வணக்கம் சொல்லும் ஜன்னலைக் கம்பெனி நிறுத்திவிட்டதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

தினகரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களாண்ணே, எங்கம்மாதான் மொதல்ல எழுதுனாங்க. நம்பரு வந்த அன்னிக்கே கூப்புட்டுட்டேன்."

"யாருடா எழுதுனது?" அக்கா பாய்ந்து வந்தார். "லைன் மூடுறதுக்கு ரூலு. இல்லாட்டி நான் ஏன் அனுப்புறேன்? தம்பி, அன்னிக்கு நீயும்தான இருந்த? நீயே சொல்லு இவனுக்கு. அது கட்டாயம்தானே?"

கையில் மோடம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"கட்டாயம்க்கா."

"அவனப் பாத்துச் சொல்லு" என்றார். அவனைப் பார்த்தும் சொன்னேன்.